கணக்கில் சேரும் பாடம்

கல்பிட்டிப் பாதையில் காற்றாலைகளைத் தாண்டிப் போனால் இடப்பக்கம் ஊதா நிறத்தில் ஒரு மாடிக் கட்டடம் வரும். புதிதாய் வந்த கல்யாண மண்டபம் என்று நினைத்து வாடகை விசாரிக்க உள்ளே போனவர்கள் உண்டு. அது நீலக்கரை உயர்கல்விக் கல்லூரி. கட்டடத்துக்குக் காசு கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் ஒரேயொரு நிபந்தனைதான் போட்டார்கள். டிப்ளோமா எடுக்கும் ஒவ்வொரு பிள்ளையும் பெண்ணியமும் பால்நிலைக் கற்கையும் என்ற வகையில் ஒரு பாடமாவது படித்திருக்க வேண்டும். கல்லூரி உடனே சுவருக்கு ஊதா பூசியது. அதற்குப் பிறகுதான் பாடம் என்று ஒன்று வேண்டுமே என்ற யோசனை வந்தது.

எந்தப் பாடம் அந்தக் கணக்கில் சேரும், எது சேராது என்று தீர்மானிக்க ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் கலாநிதி பதுர்தீன். தென்னையைத் தாக்கும் வண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர், நல்ல மனிதர், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். உறுப்பினர்கள் எல்லோரும் நிரந்தர விரிவுரையாளர்கள். கல்லூரியில் நிரந்தரமானவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதால் குழுவும் அப்படியே அமைந்துவிட்டது. இதில் யாருடைய குற்றமும் இல்லை. மாக்கிறட் என்ற பெண்மணி செயலாளராக இருந்தார். அவருக்கு வாக்கு இல்லை. தேநீர் போடுவதும் குறிப்பு எழுதுவதும் அவர் பொறுப்பு.

குழு முதல் கூட்டத்திலேயே மும்முரமாக வேலை செய்தது. கலாநிதி பதுர்தீனின் சொந்தப் பாடமான பப்பாசிச் செய்கை கணக்கில் சேர்ந்தது. பப்பாசியில் ஆண் மரமும் பெண் மரமும் உண்டு. ஆண் மரத்தை வெட்டிவிட்டுப் பெண் மரத்தைக் காப்பாற்றுகிறோம், இதைவிடப் பெண்ணியம் வேறெங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார், எல்லோரும் தலையாட்டினார்கள். குழு உறுப்பினர் பீற்றர் படிப்பிக்கும் படகு என்ஜின் பராமரிப்பும் சேர்ந்தது. அவர் பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போகும் படகுகளின் பெயர்கள் சென் மேரி, மகள் ஸபீனா, உடப்பு ஆட்களுடைய திரௌபதை அம்மன் துணை. மூன்றும் பெண்கள். கணக்கியல் பாடமும் சேர்ந்தது. அந்த வகுப்பில் பெண்பிள்ளைகள் முன் வரிசையில் இருக்கிறார்கள்.

சேராமல் நின்றது ஒன்றுதான். ஆதிலா படிப்பித்த 'கரையோரப் பெண்கள்: உழைப்பு, காணி, கல்யாணம்'.

ஆதிலா வருகைதரு விரிவுரையாளர். ஐந்து வருடமாக வருகை தந்துகொண்டிருக்கிறாள். மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு விரட்டப்பட்டு வந்த குடும்பம். புத்தளத்தில் பிறந்தும் இன்னும் 'அகதிக் காம்ப் மிஸ்' என்றுதான் அவளைச் சிலர் அடையாளம் சொல்வார்கள். அவளுடைய பாடத்தைத் தெரிவு செய்த பிள்ளைகளில் ஒருத்தி அஸ்ரியா. மாம்புரியைச் சேர்ந்தவள். வாப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. காலையில் கரையில் மீன் உலர்த்தும் கருவாட்டு வாடியில் மீன் கீறிவிட்டு, கையை எலுமிச்சம்பழத்தில் தேய்த்துக் கழுவிக்கொண்டு பஸ் ஏறி வகுப்புக்கு வருவாள். அப்படியும் மணம் போகாது. பக்கத்துக் கதிரை எப்போதும் காலியாக இருக்கும். அவள் அதில் தன் புத்தகப் பையை வைத்துக்கொள்வாள்.

அஸ்ரியாவுக்கு வேலையொன்று கிட்டத்தட்டக் கிடைத்துவிட்டது. பெண்கள் அமைப்பொன்றில் கள உத்தியோகத்தர். நேர்முகம் முடிந்து, ஆளைப் பிடித்துப்போய், டிப்ளோமா சேட்டிபிக்கட்டைக் கொண்டுவாங்க என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அவளுடைய அண்ணன் அஃப்ராஸ் நானா கட்டாருக்குப் போகும் அவசரத்தில் இருந்தான். அவன் முரடனல்ல. கல்லூரிக்கு ஒருமுறை வந்து ஆதிலாவிடமே பேசினான்.

"மிஸ், நான் போயிட்டா வீட்ட உம்மாவும் இவளும்தான். வேலை கெடச்சா அவ நிக்கட்டும், எனக்குச் சந்தோசம். இல்லாட்டி முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போகணும். கல்பிட்டியில ஒரு கடைக்காரர் கேக்குறார். பெண்சாதி மவுத்தாப் போன ஆள்."

"வயசு?" என்றாள் ஆதிலா.

"வயசு கொஞ்சம் கூடத்தான்" என்று அஃப்ராஸ் வாசல் பக்கம் பார்த்தான். "இந்த வருஷம் சேட்டிபிக்கட் வருமா எண்டு மட்டும் சொல்லுங்க."

வரும் என்றாள் ஆதிலா. பப்பாசியே சேர்ந்திருக்கிறது, கல்யாணமும் காணியும் சேராமலா போகும் என்று அவள் நினைத்தாள். ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு பாடத்தில் தொங்குகிறது, அந்தப் பாடம் ஒரு குழுவில் தொங்குகிறது. அன்று அவளுக்கு அது பயமாகத் தோன்றவில்லை.

குழுவின் நடைமுறை கொஞ்சம் விசேஷமானது. பாடத்தை முன்வைக்கிறவர் கூட்டத்தில் இருக்கக்கூடாது, தன் பாடம் என்றால் உணர்ச்சிவசப்பட்டுவிடுவார். வருகைதரு விரிவுரையாளர் தாமாக விண்ணப்பத்தில் ஒப்பமிடவும் முடியாது. அவர் சார்பில் நிரந்தர விரிவுரையாளர் ஒருவர் பொறுப்பாளராக நின்று ஒப்பமிட்டுப் பேசவேண்டும். ஆதிலாவுக்குப் பொறுப்பாளராகப் பீற்றரை நியமித்தார்கள். அவளைக் கூட்ட மண்டபத்துக்குப் பக்கத்துக் களஞ்சிய அறையில், பழைய கணினிகளுக்கு நடுவே ஒரு கதிரையில் இருத்தினார்கள். நடுவில் ஒரு திரை. ஏதாவது கேட்கவேண்டுமென்றால் மாக்கிறட் திரையை விலக்கி வந்து கேட்டுப்போவார்.

"இப்படியான இடத்துல நான் முந்தியும் இருந்திருக்கேன், மாக்கிறட்" என்றாள் ஆதிலா.

"எங்க?"

"என்ட நிக்காஹ்ல."

மாக்கிறட் சிரிக்கவில்லை. அவர் கத்தோலிக்கர், ஆனாலும் கல்பிட்டியில் பிறந்து வளர்ந்தவர். அயலில் எத்தனையோ நிக்காஹ் பார்த்திருக்கிறார். ஆண்கள் மண்டபத்தில் இருப்பார்கள். பெண் உள்ளறையில் இருப்பாள். சாட்சிகள் இருவர் போய்ச் சம்மதம் கேட்டு வருவார்கள். அவளுக்காக வாப்பாவோ நானாவோ, 'வலீ' என்று நிற்கும் பொறுப்பாளி, பதிவில் ஒப்பமிடுவார். பெண் ஒப்பமிட அதில் இடமே கிடையாது. ஆதிலாவின் பாடத்தில் அதைப் பற்றித்தான் ஒரு முழுநாள் வகுப்பு.

அந்த வகுப்பு பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஒருத்தி மணப்பெண்ணாக இருப்பாள், இருவர் சாட்சிகளாக வருவார்கள். சம்மதம் கேட்கிறது மார்க்கம் சொன்னது, பதிலைக் காதில் வாங்காமல் போகிறதுதான் நம் ஆட்களுடைய வழக்கம் என்று ஆதிலா விளங்கப்படுத்துவாள். "சம்மதமில்லாட்டி வாயைத் திறந்து சொல்லணும். பேசாம இருந்தா சம்மதம் எண்டு எடுத்துருவாங்க. வெளிய இருக்கிற ஆக்களுக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லணும்." அந்த வருடம் மணப்பெண்ணாக இருந்தது அஸ்ரியா. முதலில் முணுமுணுத்தாள். பிள்ளைகள் விடவில்லை. பாதையில் மரக்கறி லொறி போகும் சத்தத்தையும் மீறிக் கேட்கும்வரை அவளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். 'எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்.' சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

கூட்டம் தொடங்கியது. திரைக்கு அப்பால் பேச்செல்லாம் தெளிவாகவே கேட்டது. முதல் ஆட்சேபணை பாடத்தில் பெண்கள் அதிகம் என்பது.

"பால்நிலை எண்டா ரெண்டு பக்கமும் இருக்கணும்" என்றார் கலாநிதி பதுர்தீன். "இதுல எங்க பார்த்தாலும் பெண். மீன் கீறுறது பெண், உப்பு வாருறது பெண், காணி இல்லாதது பெண். ஆம்புளை எங்க? சமநிலை இல்லியே. என்ட பப்பாசியில பாருங்க, ரெண்டும் இருக்கு."

பீற்றர் பொறுப்பாளர் என்ற முறையில் எழுந்தார். "சேர், நான் என்ஜின்காரன். ஆனா காணி இல்லாதது பெண் எண்டா, காணி இருக்கிறது ஆம்புளைதானே. அப்ப ஆம்புளையும் பாடத்துல இருக்கிறார்."

இதைக் குழு நீண்ட நேரம் யோசித்து ஏற்றுக்கொண்டது. அடுத்தது கோட்பாடு போதாது என்ற ஆட்சேபணை. ஆதிலாவின் வாசிப்புப் பட்டியலில் வாடிப் பெண்களிடம் எடுத்த பேட்டிகள் இருந்தன. வெளிநாட்டுப் பெயர்கள் போதவில்லை. வாயில் நுழையாத பெயர்களாகக் கொஞ்சம் சேர்க்கும்படி மாக்கிறட் வந்து சொன்னார். ஆதிலா சேர்த்துக் கொடுத்தாள். அவற்றை வாசித்துப் பார்த்த சத்தம் திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது, வாசிக்க முடியாமல் நின்ற சத்தமும் கேட்டது. இப்போது நல்ல கனதியாக இருக்கிறது என்றார்கள்.

கடைசியில் கல்யாண வகுப்புக்கு வந்தார்கள். கலாநிதி பதுர்தீன் குரலைத் தாழ்த்தினார்.

"இது உணர்வுபூர்வமான விஷயம். பெண் உரிமைக்கு நான் எதிரில்ல. எனக்கும் மூணு பெண்பிள்ளைகள், அவங்களுக்கு என்ன வேணும் எண்டு அவங்க சொல்லமுந்தியே நான் செஞ்சிருவேன், கேக்க விட்டதே இல்ல. ஆனா சம்மதம் கேக்கிறது எப்படி, சொல்றது எப்படி எண்டு பால்நிலைப் பாடத்துல படிப்பிச்சா, பாடம் பால்நிலையில இருந்து வெலகிப் போயிரும். அந்த வகுப்பை எடுத்துட்டு 'இனிய இல்லறம்' எண்டு ஒண்டு போடலாம். கேக் ஐசிங்கும் சேர்க்கலாம், வருமானம் வரும்."

குழு ஏகமனதாக ஒத்துக்கொண்டது. மாக்கிறட் திரையை விலக்கி வந்தார்.

"அந்த வகுப்பை எடுத்தாப் பாடம் சேருமாம். எடுக்காட்டி அடுத்த கூட்டம் நோன்புப் பெருநாள் கழிஞ்சுதானாம். சம்மதமா எண்டு கேக்கிறாங்க."

ஆதிலா பேசவில்லை. அஸ்ரியாவின் நேர்முகம், அஃப்ராஸின் பயணம், கல்பிட்டிக் கடைக்காரர் எல்லாம் தலைக்குள் சுற்றின. வேணாம் என்று சொன்னால் அதற்குள் அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். ஓம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த நேரம் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. மாக்கிறட் கொஞ்சம் நின்று பார்த்தார், பிறகு திரும்பிப் போனார்.

"ஒண்டும் சொல்லல்ல, சேர்."

"அப்ப சம்மதம்" என்றார் கலாநிதி பதுர்தீன். "எழுதிக்கொள்ளுங்க."

பாடம் கணக்கில் சேர்ந்தது. கைதட்டினார்கள். பீற்றர் ஆதிலாவின் சார்பில் ஒப்பமிட்டார். மாக்கிறட் அவளுக்கும் ஒரு தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். முடிவை அறிவித்தல் பலகையில் ஒட்டிய பிறகுதான் ஆதிலா முழுவதையும் வாசித்தாள். திருத்தப்பட்ட பாடம் அடுத்த தொகுதி மாணவர்களிலிருந்து கணக்கில் சேரும். இந்தத் தொகுதி படித்தது திருத்துவதற்கு முந்திய பாடம், ஆகவே சேராது.

அவள் நேரே தலைவரின் அறைக்குப் போனாள். அவர் கதிரை காட்டி இருத்தினார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

"சேர், அஸ்ரியாக்கு இந்த வருஷம் வேணும். இல்லாட்டி அவளைக் கட்டிக் குடுத்துருவாங்க. புள்ளைக்கு விருப்பமில்ல."

"எனக்கு விளங்குது, மிஸ்" என்றார் அவர். உண்மையிலேயே விளங்கிய முகம்தான். "ஆனா அவ படிச்சது சேராத பாடம். சேராத பாடத்தைப் படிச்ச புள்ளைக்குச் சேர்ந்த மாதிரிக் குடுத்தா, சேர்ந்த பாடத்துக்கு என்ன மதிப்பு? பெண்கள்ட முன்னேற்றம் படிப்படியாத்தான் வரும். எத்தனை தலைமுறை பொறுத்தாங்க. ஒரு வருஷம் பொறுக்கேலாதா?"

"அவ பொறுத்துக்கொள்ளுவா, சேர். கடைக்காரர் பொறுக்கமாட்டார்."

"அது குழுட வரம்புக்குள்ள வராது" என்றார் அவர் வருத்தத்தோடு.

அஸ்ரியாவிடம் ஆதிலா எப்படிச் சொன்னாள் என்பதை எழுத எனக்கு மனமில்லை. அந்தப் பெண் அழவில்லை. பப்பாசிப் பாடம் எடுத்திருக்கலாமா மிஸ் என்று மட்டும் கேட்டாள். எடுத்திருந்தால் சேட்டிபிக்கட் வந்திருக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

அஃப்ராஸ் தங்கச்சியின் கல்யாண அழைப்பிதழோடு கல்லூரிக்கு வந்தான். கலாநிதி பதுர்தீன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். இதைப் பால்நிலைக் குழுவின் களப்பயணமாக வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு உடனே தோன்றியது. குழு போக ஒரு வான் வண்டி ஏற்பாடாயிற்று. தலைவர், பெரிய மனிதர், தங்கச்சி படித்த கல்லூரியின் ஆள் என்பதால் அஃப்ராஸ் அவரையே சாட்சிகளில் ஒருவராக நிற்கும்படி கேட்டான். அவர் நெகிழ்ந்துபோனார்.

மாம்புரி வீட்டில் முற்றத்துக்குக் கூடாரம் போட்டுக் கதிரைகள் அடுக்கியிருந்தார்கள். தூரத்தில் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. ஆண்கள் முன்மண்டபத்தில் இருந்தார்கள். கல்பிட்டிக் கடைக்காரர் வெள்ளைச் சட்டையில், நெற்றி வியர்வையை லேஞ்சியால் ஒற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. பெண்ணுக்கு விருப்பம் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

உள்ளறையில் அஸ்ரியா கட்டிலில் இருந்தாள். உம்மா அலீமா ஒரு பக்கம், ஆதிலா மறுபக்கம். மருதாணியும் அத்தரும் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே மெல்லிய கருவாட்டு மணம் இன்னும் இருந்தது. முந்தாநாள் வரை அவள் வாடிக்குப் போயிருந்தாள்.

சாட்சிகள் திரையை விலக்கி வந்தார்கள். ஒருவர் கலாநிதி பதுர்தீன். மற்றவர் பக்கத்து வீட்டு மஸாஹிர், கரைவலைக்காரர். மஸாஹிர்தான் கேட்டார். மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவர் கொடுக்கும் மஹர்த் தொகையைச் சொல்லி, சம்மதமா மகள் என்றார்.

அஸ்ரியா தலையை நிமிர்த்தினாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

சத்தமாகத்தான் சொன்னாள். மரக்கறி லொறி போனாலும் கேட்டிருக்கும். முன்மண்டபத்தில் பேச்சு சட்டென்று அடங்கியதால் அங்கேயும் கேட்டது என்று தெரிந்தது. அலீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மஸாஹிர் தடுமாறிப்போய்த் தலைவரைப் பார்த்தார். "சேர், வேணாம் எண்டல்லவா சொல்றா."

"வெக்கம்" என்றார் கலாநிதி பதுர்தீன் மென்மையாக. "பெண்கள்ட மொழியே வேற, தம்பி. மேலோட்டமா எடுக்கக்கூடாது. பேசாம இருந்தாலே சம்மதம் எண்டு எடுக்கிறோம். இவ வாய் திறந்தே பேசிட்டா, அப்ப எவ்வளவு ஈடுபாடு எண்டு பாருங்க."

"இல்ல சேர், எனக்கு வெளங்கல்ல."

"நான் இதுலதான் குழுத் தலைவர்" என்றார் அவர். பிறகு மஸாஹிரின் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போனார்.

ஆதிலா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இந்த முறை வாய் திறந்தாள்.

"மௌலவி, புள்ளை வேணாம் எண்டு சொன்னா. எல்லாருக்கும் கேட்டுச்சு. அவளுக்குச் சம்மதமில்ல."

பதிவு எழுத வந்திருந்த மௌலவி பேனாவை வைத்துவிட்டார். அவர் ஒழுங்கான மனிதர். சம்மதமில்லாமல் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாட்சிகளைப் பார்த்துக் கேட்டார். "நீங்கதானே கேட்டு வந்தது. புள்ளை என்ன சொன்னா?"

மஸாஹிர் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலாநிதி பதுர்தீன் தொண்டையைச் செருமினார்.

"மௌலவி, திரைக்கு அங்கால கதைக்கிறது எங்கட வருகைதரு விரிவுரையாளர். நல்ல மிஸ், கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவாங்க. அவங்க சொன்னதை நாங்க குறிச்சுக்கொள்வோம். முடிவுல சேர்க்கேலாது, அவங்களுக்கு வாக்கு இல்ல. இந்தப் பகுதியில பெண்கள் விஷயத்தைப் படிச்சு, ஆராய்ஞ்சு, எது சேரும் எது சேராது எண்டு சொல்றதுக்கு ஒரு குழு இருக்கெண்டா அது நாங்கதான். தலைவர் எண்ட முறையில நான் சாட்சி. புள்ளை சம்மதம்."

மௌலவி மஸாஹிரைப் பார்த்தார். மஸாஹிர் கூடாரத்தைப் பார்த்தார், சமையல் சட்டிகளைப் பார்த்தார், கல்பிட்டியிலிருந்து வந்திருந்த ஆட்களைப் பார்த்தார். "சேர் சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மௌலவி கடைசியாக அஃப்ராஸைப் பார்த்தார். அவனுக்கும் கேட்டிருந்தது. அவன் முகம் செத்துப்போயிருந்தது. பயணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஊர் வந்து குந்தியிருக்கிறது, படித்த மனிதர் ஒருவர் சம்மதம் என்கிறார். பேனாவை வாங்கி ஒப்பமிட்டான். கலாநிதி பதுர்தீனும் ஒப்பமிட்டார். அவருடைய ஒப்பம் நீளமானது, இரண்டு கோடு கீழே இழுத்து முடிப்பார். பீற்றர் கதிரையை விட்டு எழுந்து, சாப்பிடாமலே போய் வானுக்குள் இருந்துகொண்டார்.

துஆ ஓதி முடிந்தது. உள்ளறைக்குப் பேரீச்சம்பழம் வந்தது. அஸ்ரியா ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"மிஸ், நான் சத்தமாத்தானே சொன்னேன்?"

"ஓம் மகள். நல்லாச் சொன்னீங்க."

"வெளியயும் கேட்டுச்சா?"

"எல்லாருக்கும் கேட்டுச்சு."

அஸ்ரியா பழத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள். வகுப்பில் விளங்காத இடத்தில் எப்படிக் கேட்பாளோ அப்படியே, கோபமில்லாமல் கேட்டாள்.

"கேட்டும் எழுதினா அதுக்குப் பொறகு என்ன செய்றது மிஸ்? அதை நீங்க படிப்பிக்கல்லியே."

முன்மண்டபத்தில், பலர் ஒன்றாய் இருந்து உண்ணும் சஹன் தட்டுகளைச் சுற்றி ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். இந்தச் சஹனில் ஓராள் குறைகிறது, யாராவது வாங்க என்று கலாநிதி பதுர்தீன் அன்போடு கூப்பிடும் சத்தம் திரையைத் தாண்டி வந்தது.